ஒரு மி.லி. என்றால் எத்தனை சொட்டு?

செங்காங்_அம்மா | செவ்வாய், இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு நாளையோடு ஆறு வாரம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா மன்னார்குடியிலிருந்து வந்திருக்கிறார். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன் என்பதால், தினமும் 400 ஐ.யூ. (சர்வதேச அலகு) வைட்டமின் டி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா வரும்போது ஊரிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தார். இனிப்பான, தண்ணீர் மாதிரியான மருந்து. 1 மி.லி.யில் 400 ஐ.யூ. என்று அட்டையில் இருக்கிறது. கோடு போட்ட டிராப்பரும் கூடவே வந்தது. இத்தனை நாளும் அதில் 1 மி.லி. கோடு வரை எடுத்துப் பாலாடையில் ஊற்றிக் கொடுத்துவந்தோம். அது நேற்றோடு தீர்ந்துவிட்டது.

இங்கே சிங்கப்பூரில் மருந்துக் கடையில் வேறு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இது எண்ணெய். ஒரு சொட்டிலேயே 400 ஐ.யூ. என்று போட்டிருக்கிறது. பாட்டில் வாயிலேயே சொட்டு விழும் மூடி இருக்கிறது. கவிழ்த்துப் பிடித்தாலும் சொட்டு விழ வெகு நேரம் ஆனதால், அது அடைத்துக்கொண்டது என்று நினைத்த அம்மா அந்த வாயைப் பிடுங்கிவிட்டு, பழைய டிராப்பரைக் கழுவி, வழக்கம் போல 1 மி.லி. எடுத்துவிட்டார். குளித்துவிட்டு வந்த நான் பார்த்தபோது டிராப்பர் அம்மா கையில், பிள்ளை மடியில். சரியான நேரத்தில் தடுத்துவிட்டேன். கொடுக்கவில்லை. ஆனால் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

இப்போது இரண்டு கேள்வி. ஒரு மி.லி. என்பது 20 சொட்டு என்று சில இடத்தில் இருக்கிறது, 30 என்று என் அத்தை மகள் சொல்கிறாள். எது சரி? பிடுங்கிய வாய் கீழே விழுந்து எங்கோ உருண்டுவிட்டது. பழைய டிராப்பரில் ஒரே ஒரு சொட்டு விட்டால் அது 400 ஆகுமா?

பழைய_தாதி | செவ்வாய், இரவு 10.03

தங்கச்சி, முதலில் மூச்சு விடு. கொடுக்கவில்லை அல்லவா, நல்லது. அந்தப் பாட்டிலை மூடி, பிள்ளை மருந்து வைக்கும் இடத்திலிருந்து எடுத்துவிடு. நாளை புதிது வாங்கிக்கொள். ஒரு நாள் தவறினால் குறைந்துபோகாது. பழைய டிராப்பரில் ஒரு சொட்டு விடலாமா என்று கேட்டாய். வேண்டாம். அதன் நுனி வேறு, சொட்டின் அளவும் வேறாகிவிடும்.

உன் முதல் கேள்விக்குப் பதில் ஒரே எண் இல்லை. நான் 1979-இல் தாதியர் பயிற்சிக்குப் போனவள். அப்போது எங்கள் வார்டில் டிரிப் ஓட்டுவதற்கு இயந்திரம் கிடையாது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சின்னக் கண்ணாடி அறைக்குள் விழும் சொட்டுகளை எண்ணுவோம். கற்றுக்கொண்ட முதல் பாடமே இதுதான்: குழாய் வந்த உறையைப் படி. 1 மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று உறையில் அச்சடித்திருக்கும். 10, 15, 20 என்று வரும். குழந்தைகளுக்கும், மிகக் கவனமாக ஏற்ற வேண்டிய மருந்துகளுக்கும் உள்ள நுண்சொட்டுக் குழாயில் 60.

500 மி.லி.யை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள். 240 நிமிடம். 20 சொட்டுக் குழாய் என்றால் 500-ஐ 20-ஆல் பெருக்கி 240-ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 42 சொட்டு. 15 சொட்டுக் குழாயில் 31. நுண்சொட்டுக் குழாயில் 125. உடம்புக்குள் போவது மூன்றிலும் அதே அளவு தண்ணீர்தான். குழாயைப் பார்க்காமல் சொட்டை மட்டும் எண்ணுகிறவர் இங்கேதான் தவறுவார். நுண்சொட்டில் ஒரு வசதி உண்டு. மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. கணக்கே வேண்டாம்.

துவாஸ்_கணக்கு | செவ்வாய், இரவு 10.30

அக்கா சொல்வது ஆஸ்பத்திரிக் குழாய். வீட்டு டிராப்பருக்கு 1 மி.லி. = 20 சொட்டு, ஒரு சொட்டு 0.05 மி.லி. என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட அளவு. ஒரு தேக்கரண்டி 5 மி.லி., ஆக 100 சொட்டு. அந்த அம்மா கையில் இருந்தது 20 சொட்டு, அதாவது 8,000 ஐ.யூ. நேராகக் கணக்குப் போட்டால் இவ்வளவு குழப்பம் வராது.

வேதியியல்_வகுப்பு | செவ்வாய், இரவு 11.15

துவாஸ் அண்ணே, 20 என்பது சும்மா வந்த எண் இல்லை, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் வம்பு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ஒரு துளி நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடித்து வைத்திருப்பது பரப்பு இழுவிசை. கீழே இழுப்பது அதன் எடை. எடை கூடிக் கூடி, பிடிப்பை மீறும் நொடியில் துளி அறுந்து விழுகிறது. நுனி அகலமாக இருந்தால் பிடிப்புக்கு விளிம்பு அதிகம், அதனால் பெரிய துளி. திரவத்தின் பரப்பு இழுவிசை குறைவு என்றால் பிடிப்பும் குறைவு, அதனால் சின்னத் துளி. 1864-இல் தாமஸ் டேட் என்பவர் இதை விதியாகவே எழுதிவைத்தார்: துளியின் எடை குழாயின் விட்டத்துக்கும் பரப்பு இழுவிசைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும்.

20 எங்கிருந்து வந்தது? வீரியமான மருந்துகளை நாடுகளுக்கிடையே ஒரே அளவில் வைப்பதற்காக 1902-இல் பிரசல்ஸில் ஒரு மாநாடு நடந்தது. அங்கே ஒரு தரத் துளிப்பானை முடிவு செய்தார்கள். நுனியின் வெளிவிட்டம் 3 மில்லிமீட்டர். அதிலிருந்து 15 டிகிரி செல்சியஸில் விழும் காய்ச்சி வடித்த நீரின் 20 துளிகள் 1 கிராம் இருக்க வேண்டும். அந்த நுனி, அந்தச் சூடு, அந்தத் தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் 20. எண்ணெய்க்கு அந்த எண் பொருந்தாது.

தண்ணீரின் பரப்பு இழுவிசை அறைச் சூட்டில் மீட்டருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய்கள் 30-ஐ ஒட்டி நிற்கும். எத்தனால் 22. எனவே ஒரே டிராப்பரில் தண்ணீர் 20 துளி என்றால் எண்ணெய் 40-ஐ ஒட்டி வரும், சுத்த எத்தனால் 50-ஐத் தொடும். செங்காங் அம்மாவின் எண்ணெய்ப் பாட்டிலில் ஒரு சொட்டு 0.03 மி.லி.யை ஒட்டி இருக்கும் என்று வைத்தால், டிராப்பரில் இருந்தது 33 நாள் மருந்து. 8,000 இல்லை அண்ணே, 13,000-க்கும் மேல்.

துளியை நம்ப முடியாது என்பது பழைய சங்கதி. லண்டன் மருந்து நூலின் 1809 பதிப்பிலேயே, துளி ஆளுக்கு ஆள், பாட்டிலுக்குப் பாட்டில் மாறுகிறது என்று அதைக் கைவிட்டு, மினிம் என்ற கொள்ளளவைக் கொண்டுவந்தார்கள். ஒரு மினிம் இன்றைய கணக்கில் 0.059 மி.லி.

என் சாதாரணநிலை (ஓ லெவல்) மாணவர்கள் பியூரெட்டை, அதாவது திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கோடு போட்ட கண்ணாடிக் குழாயை, 0.05 மி.லி. வரை வாசித்து எழுத வேண்டும். ஏன் 0.05 என்று கேட்டால், அது கிட்டத்தட்ட ஒரு துளி என்று சொல்வேன். அங்கே அது பொருந்தும், ஏனென்றால் உள்ளே இருப்பது நீர்க்கரைசல்.

மீன்தொட்டி_ஈசூன் | புதன், காலை 7.20

நான் மீன் வளர்ப்பவன், பிள்ளை மருந்து எனக்குத் தெரியாது. ஆனால் சொட்டு எண்ணுவது எனக்கு வாரா வாரம் வேலை. தண்ணீரின் காரத்தன்மையைப் பார்க்க 5 மி.லி. தொட்டித் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் மஞ்சளாக மாறும்போது எத்தனை சொட்டு விட்டோமோ, காரத்தன்மை அத்தனை டிகிரி. சொட்டே இங்கே அளவுகோல். அந்தப் பாட்டிலின் நுனிக்கும் உள்ளே இருக்கும் கரைசலுக்கும் பொருத்தித்தான் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை பாட்டில் வாய் உடைந்துபோய் வேறு டிராப்பரில் விட்டேன். 6 வர வேண்டிய தொட்டியில் 4 காட்டியது. தொட்டியில் ஏதோ கோளாறு என்று ஒரு வாரம் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தேன். மாற்றும் ஒவ்வொரு முறையும் குளோரமைனை முறிக்கும் மருந்து வேறு. நம் தண்ணீர் வாரியமான பியுபி விடும் குழாய்த் தண்ணீரில் கிருமிகொல்லியாகக் குளோரமைன் உண்டு, அப்படியே விட்டால் மீன் தாங்காது. கடைசியில் கோளாறு தொட்டியில் இல்லை, சொட்டில்.

பீஷான்_மகன் | புதன், காலை 8.05

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். இரவில் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு லட்டானோபிரஸ்ட். பாட்டில் 2.5 மி.லி. நானும் துவாஸ் அண்ணே மாதிரிதான் கணக்குப் போட்டேன். 2.5-ஐ 20-ஆல் பெருக்கினால் 50 சொட்டு. ஒரு நாளைக்கு இரண்டு என்றால் 25 நாளில் தீர வேண்டும். 28-ஆம் நாளும் பாட்டிலில் மருந்து குலுங்கியது.

அம்மா சில இரவுகளில் போடாமல் விடுகிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். அவருக்கு 74 வயது, ஞாபக மறதி வேறு. "பார்வை போய்விட்டால் என்ன செய்வாய்" என்று சத்தம் போட்டேன். அவர் பதிலே பேசவில்லை. "போட்டேன்டா" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது மருந்தாளரிடம் கேட்டேன். அவர் மருந்துக் குறிப்பை விரித்துக் காட்டினார். 2.5 மி.லி.யில் ஏறக்குறைய 80 சொட்டு. அம்மா 28 நாளில் போட்டது 56. மிச்சம் இருக்கத்தான் வேண்டும். திறந்து நான்கு வாரம் ஆனதும், மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் அவர் சொன்னார். கண்ணின் கீழிமைப் பை ஏறக்குறைய 0.03 மி.லி.தான் தாங்கும். அதில் கண்ணீர் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும். ஆக ஒரு சொட்டே அதிகம், இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். "சரியாக விழுந்ததா தெரியவில்லை, இன்னொன்று விடு" என்று பழக்கப்படுத்தியதும் நான்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சாப்பிட்டாயா" என்று கேட்டார்.

துவாஸ்_கணக்கு | புதன், மதியம் 1.10

பீஷான் தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. வேதியியல் சார் சொன்ன நிபந்தனை எனக்குத் தெரியாது. என் 8,000 தவறு. சொன்னதை யாராவது நம்பிவிடக் கூடாது என்பதற்காக வெளிப்படையாக எழுதுகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. சமையலில் 20 போதும் அல்லவா?

கத்தோங்_அடுப்படி | புதன், மாலை 6.45

பண்டான் சாறு, ரோஸ் எசென்ஸ் எல்லாம் நான் சொட்டில்தான் விடுகிறேன். தீபாவளி நேரத்தில் பத்து மடங்கு மாவு பிசையும்போது மட்டும் மி.லி.க்கு மாறிவிடுவேன். வெண்ணிலா எசென்ஸில் சாராயம் கலந்திருந்தால் சொட்டு சின்னதாகிவிடும். தண்ணீரில் செய்த எசென்ஸுக்கு எழுதிய குறிப்பில் 20 சொட்டு என்று இருந்தால், சாராய எசென்ஸில் அத்தனை சொட்டும் விட்டு ருசி பார்த்தாலும் வாசம் பாதிதான் இருக்கும். கேக் என்றால் அடுத்த முறை சரிசெய்துகொள்ளலாம். வீட்டில் நாம் "இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடு" என்பது அளவே இல்லை, கொஞ்சம் என்று அர்த்தம். அம்மாக்கள் காதில் சொட்டு என்ற சொல் அப்படித்தான் விழுகிறது. செங்காங் அம்மாவின் தாயாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உட்லண்ட்ஸ்_அப்பா | புதன், இரவு 9.20

எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. மகளுக்கு எட்டு மாதம், காய்ச்சல் 39-ஐத் தாண்டிவிட்டது. வீட்டில் இருந்த பாராசிட்டமால் சொட்டு மருந்து 1 மி.லி.யில் 100 மி.கி. எங்களுக்குச் சொன்ன அளவு 0.6 மி.லி., அதாவது 60 மி.கி. அது தீர்ந்ததும் சிரப் வாங்கிவந்து, அதே டிராப்பரில் அதே 0.6 கோடு வரை கொடுத்தேன். சிரப்பில் 5 மி.லி.க்குத்தான் 120 மி.கி., மி.லி.க்கு 24. பிள்ளைக்குப் போனது 14 மி.கி. சொச்சம். காய்ச்சல் இறங்கவே இல்லை. இரவு முழுக்க ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தோம். காலையில் கிளினிக்கில் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மருந்தின் பேர் ஒன்று, டிராப்பர் ஒன்று, கோடும் ஒன்று. உள்ளே இருந்த வீரியம் மட்டும் நான்கில் ஒரு பங்கு.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். சிரப்புக்குச் சொன்ன மி.லி.யை அந்தச் சொட்டு மருந்தில் கொடுத்திருந்தால் நான்கு மடங்கு ஆகியிருக்கும்.

பழைய_தாதி | புதன், இரவு 9.50

உட்லண்ட்ஸ் தம்பி, இதைப் பலர் படிக்க வேண்டும். வைட்டமின் டி விஷயத்தில் 2010 ஜூனிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. சில பாட்டில்களோடு வரும் டிராப்பரில் 400 ஐ.யூ.க்கும் மேல் பிடிக்கிறது, பிள்ளைக்கு அளவு மீறிப் போகலாம், அந்தந்த மருந்தோடு வந்த டிராப்பரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று. வைட்டமின் டி அளவு மிஞ்சிப் பல நாள் போனால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். வாந்தி, மலச்சிக்கல் என்று ஆரம்பித்துச் சிறுநீரகம் வரைக்கும் போகும். வைட்டமின்தானே என்று நினைக்கக் கூடாது.

மி.லி.யில் சொன்ன மருந்துக்கு வாய்வழி ஊசிக்குழல் வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி இல்லாத 1 மி.லி. குழல். 0.01 வரை கோடு இருக்கும். சொட்டில் சொன்ன மருந்தை அதன் சொந்த வாயிலிருந்து மட்டும் விடுங்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கணக்குப் போடாதீர்கள்.

செங்காங்_அம்மா | சனி, மாலை 4.30

எல்லாருக்கும் நன்றி. புதன் காலையே மருந்துக் கடைக்குப் போனேன். மருந்தாளரும் தாதி அக்கா சொன்னதையேதான் சொன்னார். புதுப் பாட்டில் வாங்கினேன். எண்ணெய் கெட்டி, கவிழ்த்து நேராகப் பிடித்துக் காத்திருந்தால் தானாக விழும், உதற வேண்டாம், அழுத்த வேண்டாம் என்று காட்டிக்கொடுத்தார்.

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பேரனுக்கு விஷம் கொடுக்கப் பார்த்தேனே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. அதனால் இன்று மதியம் பிள்ளை தூங்கும்போது இருவரும் மேசையில் உட்கார்ந்து அளந்துபார்த்தோம். அந்தப் பழைய டிராப்பர், ஊசிக்குழலில் அளந்த 1 மி.லி. தண்ணீர், ஒரு கிண்ணம். நான் விட, அம்மா எண்ணினார். மூன்று முறை பார்த்தோம்: 19, 21, 20. அடுத்து டிராப்பரை நன்றாகத் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய். ஏர்கானை அணைத்துவிட்டோம், இல்லையென்றால் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும். 42, 40, 43. டிராப்பரைச் சாய்த்துப் பிடித்தால் எண்ணிக்கை மாறுகிறது என்பதைக் கண்டுபிடித்ததும் அம்மாதான்.

"அப்போ ஒரே டிராப்பரிலேயே தண்ணிக்கு ஒரு கணக்கு, எண்ணெய்க்கு ஒரு கணக்கா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே" என்றார். எனக்கும்தான் சொல்லவில்லை அம்மா என்றேன். அப்புறம்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

புதுப் பாட்டிலில் வெள்ளைத்தாள் ஒட்டி, "1 சொட்டு. காலையில் மட்டும்" என்று அம்மாவே தன் கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறார். கொடுத்ததும் நாள்காட்டியில் ஒரு புள்ளி வைக்கிறார். பழைய டிராப்பரைக் குப்பையில் போட்டாயிற்று.

மீன்தொட்டி_ஈசூன் | சனி, மாலை 5.15

சாய்த்தால் மாறுகிறது என்றீர்களே, எந்தப் பக்கம் மாறியது? கூடியதா, குறைந்ததா? நானும் பரிசோதனைப் பாட்டிலைச் சாய்த்துத்தான் பிடிக்கிறேன்.

செங்காங்_அம்மா | சனி, மாலை 5.40

தண்ணீரில் நேராக 20, சாய்த்தால் 24. சொட்டு சின்னதாகிவிட்டது. இன்னொருமுறை எண்ணிச் சொல்லலாம் என்று பார்த்தேன், மகன் எழுந்துவிட்டான்.